1848 லண்டன் கதையில் சிவப்புத் தபால் பெட்டி வருமா?

வேலைக்காரப் பெண் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைத் தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறேன், சரியா என்று கேட்டிருந்தீர்கள். 1848-க்கு அது ஒத்துவராதுங்க. லண்டன் தெருவுக்குத் தபால் பெட்டி வந்ததே 1855-இல்தான், சிவப்பு பூசத் தொடங்கியது 1874-இல். அவளைத் தபால் வாங்கும் கடைக்கு அனுப்புங்கள். அப்போது சில கடைக்காரர்கள் தங்கள் வியாபாரத்தோடு அந்த வேலையையும் பார்த்தார்கள்.

அப்புறம் செலவு. 1840-இலிருந்து அரை அவுன்ஸ் வரை நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரே பென்னிதான். அதற்கு முன்னால் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள், அதுவும் பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் விழும், கையில் காசில்லாத தாய் பெற்ற மகளின் கடிதத்தையே வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், தபால்காரர் கதவைத் தட்டினால் அந்த அம்மாவுக்குப் பழைய பயம் இன்னும் எட்டிப் பார்க்கலாம், உங்கள் கதைக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது.

தபால்தலை செம்பழுப்பு நிறம், ராணியின் முகம். ஓரத்தில் துளை கிடையாது, தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பின்பக்கம் பசை உண்டு, நனைத்து ஒட்டினால் போதும்.