இரவல் பூட்ஸும் 13 கோல்களும்

கேள்வி: 1958 கால்பந்து உலகக் கோப்பையில் பிரான்சின் ஜுஸ்ட் ஃபொன்டேன் 13 கோல்கள் அடித்தது வெறும் அதிர்ஷ்டம்தானே? இல்லையென்றால் அதற்குப் பிறகு ஏன் எந்த உலகக் கோப்பையிலும் அவரைக் காணோம்?

பதில்: போட்டி நடந்த ஸ்வீடனுக்குப் போன இடத்தில் பூட்ஸ் பிய்ந்துபோய், காலளவு ஒத்துப்போன சக வீரர் ஸ்தெஃபான் புருவேயிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஆடியவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்வதற்கு உங்களுக்குத் தாராள மனம்தான். அதே பூட்ஸ் புருவேயின் காலிலேயே இருந்திருந்தால் எத்தனை கோல் அடித்திருக்கும் என்பதை அதிர்ஷ்டக் கட்சியினர் விளக்கட்டும். பராகுவேக்கு எதிராக மூன்று, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக நான்கு என ஆறே ஆட்டங்களில் அடித்த அந்தப் பதின்மூன்றில் பெனால்ட்டி ஒன்றுகூட இல்லை. ஜெர்மனி ஆட்டத்தில் கிடைத்த பெனால்ட்டியை அடித்தவர் இன்னொரு சக வீரரான கோபா. அதிகக் கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி வழங்கும் வழக்கம் அன்று கிடையாது என்பதால், ஸ்வீடன் நாளேடு ஒன்று அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தது. பூட்ஸ் இல்லாமல் தவித்தவருக்குத் துப்பாக்கி கொடுக்கப் பத்திரிகைக்காரர்களால் மட்டுமே முடியும்; எங்கள் இனம் அப்படி.

இரண்டாவது கேள்விக்கு விடை அவருடைய காலில் இருக்கிறது. 1960 மார்ச்சில் முறிந்த கால், கூடி வந்த பிறகு 1961 ஜனவரியில் மீண்டும் முறிந்தது. பிரான்சுக்காக 21 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்திருந்த மொராக்கோவின் மராகெஷ் நகரத்துப் பிள்ளை, 1962இல் தமது 28ஆம் வயதில் ஆட்டத்தை விட்டார்.

ஆனால் நீங்கள் கேட்காததுதான் எனக்கு முக்கியம். (தொழிற்சங்கப் பேச்சை எடுத்தாலே, விளையாட்டுப் பகுதியில் இது எதற்கு என்று கடிதம் எழுதும் அன்பர்கள் இப்போதே பேனாவை எடுக்கலாம்.) அன்றைய பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒருமுறை கையெழுத்திட்டால் 35 வயதுவரை அந்த கிளப்பின் உடைமை, அவரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதில் அவருக்கு வாயே கிடையாது. இரண்டாம் முறை கால் முறிந்த அதே 1961இல், கேமரூனில் பிறந்த எஜென் ந்ஜோ-லேயா முதலியோருடன் சேர்ந்து ஆட்டக்காரர்களுக்கென்று சங்கம் அமைத்து, அதன் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார் ஃபொன்டேன். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே ஒப்பந்தம் என்ற ஏற்பாடு 1969இல்தான் வந்தது. அதற்குள் அவர் களத்தைவிட்டுப் போய் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.