கேளுங்கள் சொல்கிறேன்: லாவோஸ் மின்சாரமும் ஏறிப்போன வோல்டேஜும்

(மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

2022இல் லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு மின்சாரம் வரத் தொடங்கியதாகப் படித்தேன். அப்படியானால் என் வீட்டு மின்விசிறி லாவோஸ் ஆற்று நீரில்தான் சுற்றுகிறதா? எந்தக் கேபிளில் எவ்வளவு போகவேண்டும் என்று யார் திருப்பிவிடுகிறார்கள்?
– வாசகி, ஈசூன்

யாரும் திருப்பிவிடுவதில்லை அம்மா. ஜொகூர் நீரிணையைக் கடந்து வரும் 230 கேவி (கிலோவோல்ட்) கேபிளின் இரு முனையிலும் மின் அலை நொடிக்கு 50 முறைதான் ஏறி இறங்கும். ஆனால் ஒரு முனையின் அலை மற்றதைவிடச் சற்று முந்தியிருக்கும். முந்திய பக்கத்திலிருந்து பிந்திய பக்கத்துக்கு மெகாவாட் ஓடும். மலேசியப் பக்கம் உற்பத்தியைக் கூட்டி நம் பக்கம் குறைத்தால் அந்த இடைவெளி அகலும், வரத்தும் கூடும். நம்மால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். எந்தக் கேபிள் எவ்வளவு சுமக்கும் என்பதை இயற்பியல் முடிவுசெய்துவிடும். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் லோட் ஃப்ளோ ஆய்வு என்று பெயர்.

தாய்லாந்து-மலேசிய எல்லை மட்டும் வேறு கதை. அங்கே இருப்பது 300 மெகாவாட் நேர்மின்னோட்ட இணைப்பு. இத்தனை மெகாவாட் என்று உத்தரவு போட்டால் அத்தனையே ஓடும். லாவோஸ் ஒப்பந்தப்படி அங்கே 100 மெகாவாட் ஏற்றினால் இங்கே 100 கணக்கில் சேரும். உங்கள் மின்விசிறியைச் சுற்றுவதோ பெரும்பாலும் இங்கேயே இயற்கை எரிவாயுவில் தயாரான மின்சாரம்.

ஐயா, என் இறுதியாண்டு செயல்திட்டத்துக்கு ஒரு லோட் ஃப்ளோ செய்தேன். ஸ்லாக் பஸ் (வோல்டேஜை மாறாமல் பிடிக்கும் தொடக்க முனை) 1.00, அதாவது குறித்த வோல்டேஜ் அப்படியே, அடுத்து ஒரு மின்மாற்றி (100 எம்விஏவை ஒன்று என வைத்தால் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 0.05), அப்புறம் 30 கிலோமீட்டர் 230 கேவி கேபிள், கடைசியில் சுமை. சுமையை ஏறத்தாழப் பூஜ்யமாக்கினால் கடைசி முனையில் 1.05க்கு மேல் காட்டுகிறது. வோல்டேஜ் போகப்போகக் குறையத்தானே வேண்டும்? மென்பொருள் கோளாறு என்கிறார்கள் நண்பர்கள்.
– பாலிடெக்னிக் மாணவர், தெம்பனிஸ்

தம்பி, மென்பொருள்மேல் பழி போடாதே. உன் விடை சரி.

பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் கோபுரத்தில் தொங்கும் கம்பியை வைத்தே போடப்பட்டவை. நம் ஊரில் மின்செலுத்துக் கட்டமைப்பு நிலத்தடியில் இருக்கிறது, சில இடங்களில் 60 மீட்டர் ஆழச் சுரங்கத்துக்குள். கேபிளில் நடுக்கடத்திக்கும் வெளியுறைக்கும் இடையில் மெல்லிய காப்புதான் இருக்கிறது. ஆகவே முழு நீளமும் ஒரு பெரிய கெப்பாசிட்டர். அது வெளிவிடும் ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் ஆடி, வோல்டேஜை ஏற்றி இறக்கும் சக்தி) மெகாவாரில் அளப்போம். கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்: 230 கேவியில் கிலோமீட்டருக்குச் சுமார் 3.3 மெகாவார், 400 கேவியில் சுமார் 10 மெகாவார் வரும். உன் 30 கிலோமீட்டர் கேபிள், யாரும் கேட்காமலேயே 100 மெகாவார் உற்பத்தி செய்கிறது. சுமை இருந்தால் அதில் ஒரு பங்கு அங்கேயே செலவாகும். இல்லையென்றால் அத்தனையும் மின்மாற்றி வழியாகப் பின்னோக்கி ஓடும். 100 எம்விஏ அடிப்படையில் அந்த 100 மெகாவார் 1.0, ரியாக்டன்ஸ் 0.05. இரண்டையும் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.95. ஒன்றை 0.95ஆல் வகுத்தால் 1.053. கேபிளுக்குள்ளேயே ஏறும் வோல்டேஜ் இந்த நீளத்துக்கு அரை சதவீதம்கூட இல்லை. உன்னை ஏமாற்றியது மின்மாற்றியில் நடக்கும் ஏற்றம்.

ஆனால் 1.11 வாக்கில் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். சார்ஜிங் சசெப்டன்ஸை (கேபிளின் கெப்பாசிட்டர் குணத்தைக் குறிக்கும் எண்) முழு கேபிளுக்கும் சேர்த்துக் கேட்கும் மென்பொருள்கள் உண்டு, முனைக்குப் பாதியாகக் கேட்பவையும் உண்டு. பாதி கேட்கும் இடத்தில் முழுவதையும் கொடுத்தால் 200 மெகாவார் ஆகிவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவர்களின் கோப்பில் நான் முதலில் புரட்டியது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

உங்கள் ஆசிரியர் உச்சச் சுமை ஆய்வைத்தான் கேட்டிருப்பார். குறைந்த சுமை ஆய்வையும் சேர்த்துக் கொடு. திட்டமிடல் பிரிவில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது சீனப் புத்தாண்டு அதிகாலைக் கணக்கோடுதான். தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும், கேபிள்கள் மட்டும் விடுமுறை எடுக்காது. உச்சச் சுமைக்கு என்ன சேர்க்கலாம் என்று யோசிப்பது எளிது. இதற்கோ எதை எடுப்பது, எதை உறிஞ்ச வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கேபிள் முனையில் 60 மெகாவார் ஷண்ட் ரியாக்டர் (ரியாக்டிவ் பவரை உறிஞ்சும் காயில்) வைத்து ஓட்டு, 1.02க்கு இறங்கும். பிறகு அந்த ரியாக்டர் பழுதானதாக வைத்து ஒருமுறை, முழுச் சுமையில் அதை இணைத்தபடியே ஒருமுறை. அந்தக் கடைசி ஓட்டத்தில் வோல்டேஜ் தேவையில்லாமல் தாழும். ரியாக்டருக்கு ஸ்விட்ச் எதற்கு என்று அப்போது புரியும். ரியாக்டருக்குப் பதில் ஜெனரேட்டரை உறிஞ்ச வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அதன் ரியாக்டிவ் பவர் கீழெல்லையை மாதிரியில் போட்டிருக்கிறாயா என்று பார்த்துக்கொள். எல்லை போடாத பிவி பஸ் (மாதிரியில் வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் ஜெனரேட்டர் முனை) எதையும் விழுங்கும், நிஜ இயந்திரம் விழுங்காது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கையெல்லாம் எப்படிப் போட்டார்கள்?
– ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், சுவா சூ காங்

அண்ணே, போடவில்லை, அளந்தார்கள். காயில், கெப்பாசிட்டர், மின்தடை எல்லாம் சேர்த்து ஓர் அறை அளவுக்கு மின்கட்டமைப்பின் குட்டி வடிவத்தைச் செய்து, மீட்டர் வைத்துப் படித்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1929இல் அப்படி ஒன்று வந்தது. 1956இல் பொறியாளர்கள் வார்டும் ஹேலும் கணினியில் தீர்க்கும் முறையை எழுதினார்கள். ஆரம்ப முறைகளில் கட்டமைப்பு பெரிதாகப் பெரிதாக, ஊகித்த விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் கணக்குச் சுற்றுகளும் பெருகிக்கொண்டே போயின. 1967இல் டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையை, கணக்கு அட்டவணையிலுள்ள பூஜ்யங்களைச் சேமிக்காமல் விடும் உத்தியோடு கொண்டுவந்தார்கள். நல்ல தொடக்க மதிப்பு கொடுத்தால் பெரிய கட்டமைப்புக்கும் நான்கைந்து சுற்று போதும்.