இளம் தடுப்பாட்டக்காரரை எடைபோடுவது எப்படி? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே 16 முதல் 20 வயதுக்குள் இருக்கும் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அணி டிராஃப்டின் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த பையன், ஜூனியரில் 60 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்திருக்கிறான். நம்பலாமா?

அந்த 50-ஐப் பிரித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். கோலுக்கு ஒரு புள்ளி, அசிஸ்ட்டுக்கு (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) ஒரு புள்ளி. பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) வந்தது எத்தனை, இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும்போது வந்தது எத்தனை? அசிஸ்ட்டுகளில் முதல் அசிஸ்ட் (கோலுக்கு நேர் முந்தைய பாஸ்) எத்தனை, இரண்டாம் அசிஸ்ட் (அதற்கும் முந்தையது) எத்தனை? 30 புள்ளி பவர் பிளேயில் வந்து, மீதி 20-இல் பாதி இரண்டாம் அசிஸ்ட் என்றால், கையில் நிற்பது வெறும் பத்து.

இதை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்றால், என்எச்எல் (வட அமெரிக்காவின் உச்ச லீக்) அணிகளில் பெரும்பாலானவை முதல் பவர் பிளே வரிசையில் நான்கு ஃபார்வர்டுகளையும் (தாக்குதல் ஆட்டக்காரர்கள்) ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரையும்தான் இறக்குகின்றன. 32 அணிகள், ஆக 32 நாற்காலிகள். அதில் ஒன்று கிடைக்காவிட்டால் பையன் எதை வைத்துப் பிழைப்பான் என்பதே உண்மையான கேள்வி. நீலக்கோட்டிலிருந்து (எதிரணிப் பகுதியின் எல்லைக் கோடு) அவன் அடிக்கும் ஷாட்டையும் கவனியுங்கள். முன்னால் நிற்பவன் முழங்கால் கவசத்தில் பட்டுத் திரும்புகிறதா, கோல் வரை போய்ச் சேருகிறதா? அடிப்பதற்கு முன் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து வழி திறப்பவன் மணிக்கட்டால் மெதுவாகத் தள்ளும் ரிஸ்ட் ஷாட், நின்ற இடத்திலிருந்து ஓங்கி அடிக்கும் இடிமாதிரி ஸ்லாப் ஷாட்டைவிடப் பயன் தரும்.

கேள்வி: சார், ஒரே ஒரு விஷயம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

பின்னால் போய் பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) எடுப்பது. எதிரணி நம் பகுதிக்குள் பக்கைத் தள்ளிவிட்டுத் துரத்தி வரும்போது, தடுப்பாட்டக்காரர் திரும்பி ஓடிப்போய் அதை எடுத்து வெளியே கொண்டுவருகிறாரே, அந்த நான்கு வினாடிகள். ஒரு தடுப்பாட்டக்காரரின் மூளை, கால், கை மூன்றும் ஒரே சமயத்தில் தெரிவது அங்கேதான்.

பக்கைப் பார்க்காதீர்கள், அவர் தலையைப் பாருங்கள். நல்லவர் குறைந்தது இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். திரும்பி ஓடத் தொடங்கும்போது ஒன்று, பக்கைத் தொடுவதற்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இன்னொன்று. முதல் பார்வை எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லும். இரண்டாவது, எந்தத் தோள் பக்கமாக வருகிறார்கள் என்று சொல்லும். அதற்குப் பிறகு ஒரு சின்ன ஏமாற்று வேண்டும்: இடது பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து வலது பக்கம் கிளம்புவது. இரண்டும் இல்லாமல் நேர்கோட்டில் ஓடி, முகத்தைப் போர்டுக்குக் (தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) கொடுத்து, முதுகை எதிராளிக்குக் கொடுப்பவர் அடி வாங்குவார். ஜூனியரில் தப்பிக்கலாம். பெரியவர்கள் லீக்கில் காயத்தோடு போய் உட்கார வேண்டிவரும்.

கூட்டாளியோடு பேசுகிறாரா என்பதும் முக்கியம். “வீல்” என்றால் கோலுக்குப் பின்னால் வேகமாகச் சுற்றி வா. “ரிவர்ஸ்” என்றால் வந்த வழியிலேயே பின்னால் விடு. “ஓவர்” என்றால் மறுபக்கக் கூட்டாளிக்குத் தள்ளு. “அப்” என்றால் போர்டு ஓரம் நிற்கும் விங்கருக்கு மேலே கொடு. கேட்டதைச் செய்கிறாரா, அல்லது கேட்காததுபோல் எப்போதும் போர்டுக்கு மேலுள்ள கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுகிறாரா?

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: சுத்தமான பாஸ், தானே சுமந்து வெளியேறியது, கண்மூடித்தனமாக வெளியே அடித்தது, இழந்தது. 20 முறை எண்ணிய பிறகு பாருங்கள். மூன்றாவது கட்டம் நிரம்பி வழிந்தால் பையன் பயந்து ஆடுகிறான். நான்காவது கட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்து, முதல் இரண்டும் அதைவிட அதிகமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். முயன்று தவறுபவனைத் திருத்தலாம். முயலாதவனைத் திருத்துவது கடினம்.

கேள்வி: வர்ணனையாளர்கள் “கேப்” “கேப்” என்கிறார்களே, அதை எப்படி அளப்பது?

எதிரே பக்கோடு வருபவனுக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் கேப். ஸ்டிக் நீளத்தால் அளந்தால் போதும். நடுச் சிவப்புக் கோட்டில் இரண்டு ஸ்டிக், நம் நீலக்கோட்டுக்கு வரும்போது ஒரு ஸ்டிக் என்பது நல்ல தோராயம். தூரத்தைப் போலவே வேகமும் பொருந்த வேண்டும். பின்னோக்கி ஸ்கேட் செய்யும் வேகம் வருபவன் வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், நின்ற இடம் சரியாக இருந்தும் ஏமாந்துபோவார்.

நிற்கும் கோணமும் பாருங்கள். ஃபேஸ்ஆஃப் புள்ளிகளை (ஆட்டத்தைத் தொடங்க பக்கைப் போடும் இடங்கள்) நேராக இணைத்து ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். தடுப்பாட்டக்காரர் அந்தக் கோட்டுக்கு உள்ளே, பனித்தளத்தின் நடுப்பக்கம் இருந்துகொண்டு எதிராளியைப் போர்டு பக்கம் ஒதுக்க வேண்டும். ஸ்டிக் ஒரு கையில், முழங்கை சற்று மடங்கி, நுனி பனியில். கையை முன்கூட்டியே முழுதாக நீட்டிவிட்டால் குத்தித் தட்ட நீளம் மிச்சம் இருக்காது. கண் எதிராளியின் மார்பில். பக்கைப் பார்ப்பவன் கை வித்தையில் மயங்கிவிடுவான்.

கேப் பெரிதாக விட்டால் உடனே “தைரியமில்லை” என்று எழுதிவிடாதீர்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். திரும்பும் திறன் குறைவு என்று அவருக்கே தெரிந்து முன்கூட்டியே பின்வாங்குவது ஒன்று. ஃபார்வர்டுகள் பின்னால் ஓடி வந்து உதவாததால் வேறு வழியில்லாமல் பின்வாங்குவது இன்னொன்று. பயிற்சியாளரே அப்படி ஆடச் சொல்லியிருப்பது மூன்றாவது. முதலாவது மட்டும்தான் பையன் கணக்கு. அவருடைய கூட்டாளியும் மற்ற ஜோடிகளும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: என் மகன் வேகமாகத்தான் ஸ்கேட் செய்கிறான். ஆனாலும் வெளிப்பக்கமாக எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏன்?

நேர்வேகம் ஃபார்வர்டுக்குச் சோறு போடும். தடுப்பாட்டக்காரருக்குத் தேவை, பின்னோக்கிப் போவதிலிருந்து முன்னோக்கித் திரும்பும்போது வேகம் குறையாமல் இருப்பது. வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரும்பும் அந்தத் தருணத்தில் உடம்பு நிமிர்ந்து எழுகிறதா? எழுந்தால் முழங்கால் வளைவு போய், அடுத்த உந்தலில் சக்தி இருக்காது. அல்லது இடுப்பு திறக்காமல், இரண்டு மூன்று சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்புகிறானா? பலருக்கு ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் தடுமாற்றமாகவும் இருக்கும். எதிரணி இதை ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்து அந்தப் பக்கமாகவே வரும். இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் திருப்பம் படம் பிடித்து ஒப்பிடுங்கள்.

ஒரு வருடத்தில் உயரம் சட்டென்று கூடியிருந்தால் இந்தத் தடுமாற்றம் இயல்பானதே. கால் நீண்ட அளவுக்கு உடல் கட்டுப்பாடு வர மாதங்கள் ஆகும். அந்த நேரத்தில் எழுதப்படும் மதிப்பீட்டைப் பென்சிலால் எழுதுவது நல்லது.

கேள்வி: ஆள் குள்ளம். வாய்ப்பு உண்டா?

உண்டு. தடுப்பாட்டக்காரர் லேன் ஹட்சன் 2022 டிராஃப்டில் 62-ஆவதாகத்தான் போனார், உயரத்தைச் சொல்லியே பலர் தாண்டிவிட்டார்கள். 2024-25-இல் 60 அசிஸ்ட் எடுத்து, புதுமுகத் தடுப்பாட்டக்காரர்களில் லாரி மர்ஃபியின் சாதனையைச் சமன்செய்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை வாங்கினார். ஆனால் இதை எல்லாக் குள்ளமான பையன்களுக்கும் சான்றாக்காதீர்கள். உயரம் குறைந்தவர் அடி விழுமுன் பக்கை விட்டுவிடும் அளவுக்கு முன்யோசனை உள்ளவராக இருக்க வேண்டும். கோல் முன்னால் தள்ளுமுள்ளில் தோற்பார், அது சரி. அங்கே எதிராளியின் ஸ்டிக்கைத் தூக்கிவிடக் கற்றிருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: நிறைய இடிக்கிறான். நல்ல தற்காப்புதானே?

இடிக்கும்போது பக் எதிரணியிடம்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இடிப்பு எண்ணிக்கை கூடுவதற்கு, அவன் அணி பக் இல்லாமல் அலைவதே காரணமாக இருக்கலாம். தடுப்பாட்டக்காரர் ஜாக்கப் ஸ்லேவின் 2020-21 பருவத்தில் 52 ஆட்டங்களில் வாங்கிய தண்டனை மொத்தம் 2 நிமிடம். ஸ்டிக்கும் இடமும் சரியாக இருந்தால் அது போதும்.

கேள்வி: ஒரே ஆண்டு டிராஃப்டில் இருவரை ஒப்பிடும்போது வயது வித்தியாசம் பெரிதா?

மாதக் கணக்கில் பார்த்தால் பெரிது. செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்தவர் அந்த ஆண்டு டிராஃப்டுக்குத் தகுதி. 16-ஆம் தேதி பிறந்தவர் அடுத்த ஆண்டுக்குப் போவார். ஃபார்வர்டு ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17-இல் பிறந்ததால்தான் 2015-க்குப் பதில் 2016-இல் தேர்வானார். ஆக ஒரே பட்டியலில் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவரும் இளையவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதாமல் புள்ளியை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, வலதுகை ஷாட் என்றால் ஏன் இத்தனை மவுசு?

ஆள் குறைவு, அவ்வளவுதான். அணிக்கு மூன்று வலது இடம் உண்டு, இடதுகைக்காரர்களோ அதிகம். தன் கைக்கு மாறான பக்கம் ஆடும்போது போர்டு ஓரமாக வரும் பக்கைப் புறங்கையால் பிடிக்க வேண்டும், பாஸ் கொடுக்க உடம்பைத் திருப்ப வேண்டும். அரை வினாடி போய்விடும். இடதுகைப் பையன் வலது பக்கத்திலும் தடுமாறாமல் ஆடினால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். மற்றபடி வலதுகை என்பதற்காக மட்டும் ஒருவரை இரண்டு சுற்று முன்னால் எடுப்பது என் கணக்கில் அதிக விலை.

கேள்வி: தேர்வாகி ஒரு வருடம் ஆகிவிட்டது, புள்ளி குறைந்திருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

முதலில் பொறுப்பு மாறியதா என்று பாருங்கள். எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக இறக்குகிறார்களா, பெனால்டி கில்லில் (நம் ஆள் தண்டனையில் இருக்க, ஆள் குறைவாகத் தடுத்தாடும் நேரம்) ஆடுகிறாரா, கூட்டாளி யார்? கடினமான நிமிடங்கள் கூடி, புள்ளி கொஞ்சம் குறைந்திருந்தால் அது வளர்ச்சிதான். அதே நிமிடங்கள், அதே எதிராளிகள், அதே தவறுகள் என்றால்தான் கவலை.

தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாகப் பழுப்பார்கள். 2012 டிராஃப்டின் முதல் பத்தில் எட்டுப் பேர் தடுப்பாட்டக்காரர்கள். நான்காவதாகப் போன கிரிஃபின் ரைன்ஹார்ட் என்எச்எல்-இல் ஆடியது 37 ஆட்டங்கள். மேலே சொன்ன ஸ்லேவின் அதே ஆண்டு 120-ஆவது. 17 வயதில் உடம்பால் ஜெயித்தவனையும் மூளையால் ஜெயித்தவனையும் பிரித்தறிவது அவ்வளவு சிரமம். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989-இல் 53-ஆவது. தேர்வான பிறகும் இரண்டு வருடம் ஸ்வீடனில் ஆடிவிட்டுத்தான் வந்தார். ஏழு நோரிஸ் கோப்பைகளில் (ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கானது) முதலாவது கையில் வந்தது 31 வயதில்.

கேள்வி: 18 வயதிலேயே பெரிய லீக்கில் இறக்குவதா, திருப்பி அனுப்புவதா?

கனடா மேஜர் ஜூனியரிலிருந்து வந்தவர் என்றால், 20 வயது ஆகும்வரை ஏஎச்எல்-இல் (என்எச்எல்-க்கு அடுத்த நிலை லீக்) ஆட முடியாது என்பது நெடுங்காலமாக இருந்துவந்த ஒப்பந்த விதி. ஒன்று என்எச்எல், இல்லையேல் ஜூனியர். ஐரோப்பிய கிளப்பிலிருந்து நேரே வந்தவருக்கு அந்தத் தடை இல்லை. மோரிட்ஸ் சைடரை 2019-இல் தேர்ந்தெடுத்த டெட்ராய்ட், முதல் வருடம் ஏஎச்எல், அடுத்த வருடம் ஸ்வீடன், மூன்றாவது வருடம்தான் என்எச்எல் என்று நடத்தியது. 2022-இல் கால்டர் கோப்பை. கேல் மகார் 2017-இல் நான்காவதாகத் தேர்வாகியும் இரண்டு வருடம் கல்லூரியில் ஆடினார். 2025 ஆகஸ்டிலிருந்து மேஜர் ஜூனியரில் ஆடியவர்களுக்கும் அமெரிக்கக் கல்லூரி வழி திறந்திருக்கிறது.

எந்த வழியானாலும் ஒரே சோதனை: ஓர் இரவுக்கு 20 நிமிடத்துக்கு மேல், எல்லாச் சூழலிலும் ஆடும் இடம் எது? மேலே போய் மூன்றாம் ஜோடியில் 11 நிமிடம் பாதுகாப்பாக ஆடப் பழகுபவன், பக்கை வெளியே அடித்துத் தள்ளவும் பழகிக்கொள்வான்.

கேள்வி: பிளஸ்-மைனஸ் (ஒருவர் பனியில் இருக்கும்போது அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) பார்க்கலாமா?

வேண்டாம். ஜூனியரில் அது கோலியின் தரத்தைத்தான் அதிகம் சொல்கிறது.

கேள்வி: எத்தனை ஆட்டம் பார்த்தால் கருத்துச் சொல்லலாம்? வீடியோ போதுமா?

ஐந்து முழு ஆட்டங்களுக்குக் குறைந்தால் சொல்லாதீர்கள். அதில் ஒன்று வலுவான அணிக்கு எதிராக, இன்னொன்று இரண்டு நாளில் ஆடும் இரண்டாவது ஆட்டமாக இருக்கட்டும். களைத்த காலில்தான் பழக்கம் எது, முயற்சி எது என்று தெரியும். மூன்று நிமிடத் தொகுப்புக் காணொளியில் கோல் அடித்தது மட்டும்தான் இருக்கும். திரும்பிப் பார்க்காமல் பக்கை எடுக்கப்போன 40 தடவையை யாரும் வெட்டி ஒட்டுவதில்லை.

தொலைக்காட்சிக் கேமரா பக்கைத் துரத்தும். பக் மறுமூலையில் இருக்கும்போது நம் ஆள் எங்கே நிற்கிறார், ஆள் மாற்றத்துக்காக வெளியேறும் நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறாரா என்பவை படத்துக்கு வெளியே போய்விடும். முடிந்தால் ஓரிரு ஆட்டத்தை அரங்கில், மேல் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஷிஃப்ட் (ஒருவர் தொடர்ந்து பனியில் இருக்கும் நேரம்) சுமார் 45 வினாடி. அந்த நேரம் முழுவதும் கண் அவர் மேல் மட்டும், பக் எங்கே போனாலும் சரி. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு வரி போதும்: எண், எதிரே எந்த வரிசை, என்ன நடந்தது. அதே தாளை ஆறு மாதம் கழித்து மறுபடி நிரப்பி, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.