போர்டு மாறிய வங்கியில் வேலை பார்ப்பது: கேள்வி பதில்

1983-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 2019-ல் சீனியர் மேனேஜராக ஓய்வு பெற்றேன். வங்கியில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான்: எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது வேலையில் பிடிப்பு எங்கிருந்து வரும்? தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி, கிளார்க்): சார், 2020-ல் எங்கள் வங்கியை இன்னொன்றோடு இணைத்துவிட்டார்கள். 22 வருடம் ஒரு பெயரைச் சொல்லி வேலை பார்த்தவள் நான். இப்போது போர்டும் வேறு, சாஃப்ட்வேரும் வேறு. தினமும் போய் வருகிறேன், எதற்கென்றுதான் தெரியவில்லை.

பதில்: அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி பத்து வங்கிகள் நான்காயின. ஊரடங்கு நேரம் வேறு. பழைய பெயரை ஒழுங்காக வழியனுப்பக்கூட முடியவில்லை. துக்கம் விசாரிக்க யாரும் வராத வீடு மாதிரி ஆகிவிட்டது. உங்கள் வருத்தத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு என் கதை. ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் கமிட்டி 1984-ல் வங்கிகளுக்கு இயந்திரம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ஏஎல்பிஎம் என்ற, பேரேட்டில் வரவு செலவைப் பதிந்து கூட்டும் மெஷின் எங்கள் கிளைக்கு வந்து சேரச் சில வருடம் ஆயிற்று. அதுவரை நான் ராஜா. மாதக் கடைசி பேலன்ஸிங்கில் பத்துப் பைசா இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து பிடித்துவிடுவேன். மேனேஜரே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். மெஷின் வந்தது, எல்லாம் தானாக டேலி ஆனது, யாரும் வந்து நிற்கவில்லை. ஆறு மாதம் உம்மென்று இருந்தேன்.

ஒரு நாள் கவுன்ட்டரில் சண்டை. ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே இனிஷியல், இரண்டு கணக்கு. ஒருவருக்கு வெற்றிலைக் கொடிக்கால், இன்னொருவருக்கு டீக்கடை. கொடிக்கால்காரர் கட்டிய பணம் டீக்கடைக் கணக்கில் ஏறியிருந்தது. மெஷின் கூட்டியது சரி, டேலியும் சரி, புதுப் பையன் கணக்கு எண்ணை மாற்றி அடித்திருந்தான். சலானைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்: டீக்கடைக்காரர் கைநாட்டு, இதில் கையெழுத்து இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. என்னிடமிருந்து போனது கூட்டல் மட்டும்தான். ஆட்களைத் தெரிந்து வைத்திருந்ததை நான் ஒரு வேலையாகவே எண்ணியதில்லை.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். பழைய பாஸ்புக்கோடு வந்து திருதிருவென்று நிற்பவரின் பழைய எண்ணும் புது ஐஎஃப்எஸ்சி கோடும் தெரிந்த ஆள் உங்கள் கிளையில் எத்தனை பேர்?

கேள்வி (சேலம், கேஷியர்): பூக்காரம்மா வரை யுபிஐ வந்துவிட்டது. கேஷ் கவுன்ட்டரில் கூட்டமே இல்லை. என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

பதில்: நோட்டுக் கட்டில் பின் அடிக்கக் கூடாது என்று 2001-ல் ரிசர்வ் வங்கி சொன்னபோது எங்கள் ஹெட் கேஷியரும் இப்படித்தான் புலம்பினார். அவர் பின் அடித்தால் கட்டு அசையாது! சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுபது வயது அம்மா ஒருவர் எஃப்டியை முறித்து, மொத்தத்தையும் முன்பின் தெரியாத கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் அனுப்பச் சொல்கிறார். கையில் போன், அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது. போலீஸ் என்று சொல்லி போனிலேயே மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் சொல்லும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. அந்த நிமிடத்தில் அதை அவருக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். எடுத்த எடுப்பில் ‘ஏமாறுகிறீர்கள்’ என்றால் நம்பமாட்டார், போனில் இருப்பவன் அதற்கும் பாடம் நடத்தியிருப்பான். ‘சிஸ்டம் மெதுவா இருக்கும்மா, உட்காருங்க’ என்று தண்ணீர் கொடுங்கள். போனை வைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் நம்பரைக் கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடச் சொல்லுங்கள். கூட்டம் இருந்தால் இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் ஏது?

கேள்வி (சென்னை, பிஓவாகச் சேர்ந்த அதிகாரி): சேர்ந்து மூன்று வருடம் சார். காலையில் இன்சூரன்ஸ் டார்கெட், மாலையில் ‘ஏன் முடியவில்லை’ என்று போன். சேவை என்று நினைத்து வந்தேன், விற்றுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: மனதை மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி என்று சொல்லமாட்டேன். குறை உங்கள் மனதில் இல்லை. கடன் கேட்டு வந்தவர் தலையில் பாலிசியைக் கட்டுவது தப்பு. நானும் இரண்டு மூன்று பேருக்குக் கட்டியிருக்கிறேன், அதில் ஒருவர் முகம் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக் கடன் வாங்கும் ஒரே சம்பளக் குடும்பத்துக்கு, சம்பாதிப்பவர் இறந்தால் பணம் தரும் டேர்ம் பாலிசி உண்மையிலேயே வேண்டும், அங்கே தயங்காமல் பேசுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவருக்கு, சந்தையோடு ஏறி இறங்கும் யூலிப் பாலிசி வேண்டாம், அங்கே வாயைத் திறக்காதீர்கள். டார்கெட் குறையும், திட்டு விழும், டிரான்ஸ்பர்கூட வரலாம். அதைத் தாங்குகிற வீட்டு நிலைமை இல்லை என்றால், அதற்காகவும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி (நாகர்கோவில்): வயது 58. இனிமேல் புது சாஃப்ட்வேர் கற்க வேண்டுமா?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து சீட் பையனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலுக்கு, இறந்தவர் கணக்கை வாரிசுக்கு செட்டில் செய்வது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (கிராமக் கிளை மேனேஜர்): என் ஸ்டாஃப் ஐந்து பேரும் கடமைக்கு வந்து போகிறார்கள். எப்படி உற்சாகப்படுத்துவது?

பதில்: மீட்டிங் வேண்டாம், தலைமை அலுவலக போஸ்டரும் வேண்டாம். முடிவு கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்றைக் கொடுங்கள். பத்து வருடம் அசையாத கணக்குகளின் பணம் 2014 முதல் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகிறது. ஆனாலும் உரியவர் வந்து கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். 2023-ல் இதைத் தேடிப் பார்க்க ‘உத்கம்’ தளமும் வந்துவிட்டது.

என் கடைசிக் கிளையில் வாரம் ஒரு மணி நேரம் அந்தப் பட்டியலோடு உட்கார்ந்தோம். பெயரையும் அப்பா பெயரையும் வாசித்தால் எங்கள் பியூன் தெருவைச் சொல்லிவிடுவார். ஒரு தடவை அவரே சைக்கிளில் போய் ஓர் அம்மாவை அழைத்து வந்தார். கணவர் கணக்கு வைத்திருந்ததே அந்த அம்மாவுக்குத் தெரியாது, இருந்தது 41,000 ரூபாய். பணம் கைக்குப் போன அன்று மாலை, ஒரு வேலையும் இல்லாமல் பியூன் என் கேபினுக்கு மூன்று தடவை வந்து போனார்.