வாசகர் கேள்வி–பதில்: செரெங்கெட்டிக்குப் புறப்படும் முன்

பிப்ரவரியில் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் வில்டபீஸ்ட் (மாடு போலத் தோன்றும் மான் இனம்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆசை. எங்கே தங்கலாம்?
— வாசகர், ஈரோடு

பிப்ரவரியில் அந்தக் கூட்டம் மாரா ஆற்றுப் பக்கமே இருக்காது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே ந்டுட்டு சுற்றுவட்டாரத்தின் குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம் போகும். வடக்கே கோகாடெண்டே அருகே மாரா ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை.

அதற்காக விடுப்பை மாற்றிவிடாதீர்கள். பிப்ரவரிதான் கன்று ஈனும் மாதம். ந்டுட்டு பக்கத்து மண் பழைய எரிமலைச் சாம்பல் படிந்தது. அதில் முளைக்கும் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்கும். எழ முடியாததைக் கழுதைப்புலியோ சிவிங்கிப்புலியோ கொண்டுபோய்விடும். ஆற்றங்கரையிலோ, கூட்டம் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்த வழியே திரும்புவதும் உண்டு. எங்களைக் கேட்டால் முதல் பயணத்துக்கு ந்டுட்டுதான் சரி.

பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். ஆகவே 'செரெங்கெட்டியில் தங்கல்' என்று மட்டும் எழுதிய திட்டத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். எந்தப் பகுதி என்று எழுத்தில் கேளுங்கள். வடக்கே அறை எடுத்துவிட்டால் ந்டுட்டுவுக்கு வந்து சேரவே பகல் பொழுது போய்விடும். ந்டுட்டுவில் மூன்று இரவு, நடுப்பகுதியான செரொனெராவில் இரண்டு, ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு 2,300 மீட்டர் உயரம். ஸ்வெட்டர் இல்லாமல் போகக் கூடாது.

இரண்டு நிறுவனங்கள் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம். எதை நம்புவது?
— வாசகி, மதுரை

மொத்தத் தொகையைப் பார்க்காமல் அதில் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பூங்காவுக்குள் தங்குவோருக்கு நுழைவுக் கட்டணம் தலைக்கு, 24 மணி நேரக் கணக்கு. நுழைந்த நேரத்தைத் தாண்டி வெளியேறினால் இன்னொரு நாள் கட்டணம். கடைசி நாள் ஓட்டுநர் அவசரப்படுவது இதனால்தான். ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. குறைந்த விலைத் திட்டங்களில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

சஃபாரிகள் புறப்படும் அருஷா நகரிலிருந்து செரொனெராவுக்குச் சாலையில் ஏழெட்டு மணி நேரம். 'நான்கு நாள் செரெங்கெட்டி' என்றால் போக வர இரண்டு நாள் சாலையிலேயே கழியும். ஒரு வழியாவது சிறிய விமானத்தில் போனால் நேரம் மிச்சம். ஆனால் அதில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது. கூரை திறக்கும் வண்டி, எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை, இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தடுப்பூசி கட்டாயமா?
— வாசகர், திருநெல்வேலி

இந்தியாவிலிருந்து நேரே போனால் தான்சானியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பதில்லை. வழியில் அந்த நோய் பரவும் நாட்டில் தங்கினால் போட்டே ஆக வேண்டும். (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) இதில் பலர் கவனிக்காதது திரும்பி வரும்போதுள்ள சிக்கல். மஞ்சள் காய்ச்சல் பரவுவதாக இந்தியா பட்டியலிட்ட நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதனால் தேவைப்பட்டால் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், சான்றிதழான மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயது கடந்தவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மலேரியாவுக்குத் தடுப்பூசியை நம்பிப் போக முடியாது, மாத்திரைதான். எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம், அடோவாகுவோன்–ப்ரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும்.

நீல ஜீன்ஸ் போடக் கூடாதாமே?
— வாசகி, கோவை

உண்மைதான். கருநீலமும் கறுப்பும் ட்செட்சி ஈயை இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்க மரங்களில் தொங்கவிடும் துணிகூட அதே நிறம்தான். மெல்லிய துணிக்கு மேலேயே கடிக்கும், கொசு மருந்துக்கும் அவ்வளவாக அசையாது. காக்கி அல்லது மணல் நிறத்தில் கெட்டித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தான்சானியாவில் தடை. துணிகளைச் சுற்றிய கவர்களை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— வாசகர், கும்பகோணம்

கிடைக்கும். சப்பாத்தி, பீன்ஸ் குழம்பு, சோறு அங்கே அன்றாட உணவு. மதியப் பொட்டலத்தில்தான் கோழியும் அவித்த முட்டையும் வரும். முட்டையும் வேண்டாம் என்பதை முன்பதிவின்போதே தனியாக எழுதிக் கேளுங்கள். அவர்கள் கணக்கில் சைவம் என்றால் முட்டை சேர்ந்ததாக இருக்கலாம்.