மாதம் 4,400 ரூபாய்தானே கூடுகிறது, டாப்-அப் எடுக்கலாமா?

கேள்வி: ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு 28,000 இ.எம்.ஐ. போகிறது. நான்கு வருடங்களுக்கு முன் தங்கை கல்யாணத்துக்காக 5 லட்சம் பர்சனல் லோன் (13%, 5 வருடம்) எடுத்தேன். இரண்டு வருடம் கழித்து மாடியில் அறை கட்ட அதே கடனில் 3 லட்சம் டாப்-அப் வாங்கினேன். இப்போது மாதம் சுமார் 14,500 கட்டுகிறேன். பாக்கி 4.3 லட்சம், இன்னும் 3 வருடம் இருக்கிறது.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில், டெட்ராய்ட்டை ஒட்டிய நோவையில், கார் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். மே மாதம் இரண்டு வாரம் குடும்பத்தோடு அங்கே போகிறோம். முதிர்ந்த ஃபிக்ஸட் டெபாசிட் 6 லட்சத்தில் நான்கு பேருக்கும் டிக்கெட், விசா எல்லாம் முடித்துவிட்டேன். 12, 8 வயதில் இருக்கும் என் இரண்டு பையன்களுக்கும் கார் என்றால் உயிர். அதனால் பயணம் முழுக்கக் காரைச் சுற்றியே திட்டம் போட்டிருக்கிறோம்: மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் ஒரு வாரம் வாடகைக்கு (900 டாலர்), டவுன்டவுனில் இரண்டு இரவு ஹோட்டல் (500), ரேஸ் டிராக்கில் கார் ஓட்டும் அனுபவம் (600), இண்டியானாபொலிஸ் போய் வர (600), மியூசியங்கள் (500), பொம்மை கார், டி-ஷர்ட் (400), ஊரில் உள்ள சொந்தங்களுக்குப் பரிசு (900). மொத்தம் 4,400 டாலர். தம்பி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்கிறாள் மனைவி. வங்கி ஆப்பில் 4 லட்சம் டாப்-அப் தயாராக இருக்கிறது. மாதத் தவணை 4,400 ரூபாய்தான் கூடும். எடுக்கலாமா? மார்ச்சில் 80,000 போனஸ் வரும். அதில் ஆரம்பித்து, பையன்கள் பெயரில் எலக்ட்ரிக் வாகனத் துறையில் முதலீடு செய்யும் தீம் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்.ஐ.பி. (மாதாமாதம் கட்டும் முதலீடு) போடலாம் என்றும் நினைக்கிறேன்.

பதில்: எடுக்காதீர்கள். பயணத்தை ரத்து செய்யவும் வேண்டாம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, பிள்ளைகளிடமும் சொல்லியாகிவிட்டது. சந்தோஷமாகப் போய் வாருங்கள்.

பர்சனல் லோன் வட்டி அதிகம், அவசரத்துக்குக் கையில் பணம் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் பேச வேண்டியது டாப்-அப் பழக்கத்தைப் பற்றித்தான். நான்கு வருடத்தில் இது உங்களுக்கு மூன்றாவது முறையாக வரும் கடன். முதலில் கல்யாணம், அப்புறம் மாடி அறை, இப்போது டெட்ராய்ட். ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய கடனின் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது.

இதுவரை என்ன ஆகியிருக்கிறது பாருங்கள். முதல் இரண்டு வருடம் மாதம் சுமார் 11,400 வீதம் 2.7 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். அடுத்த இரண்டு வருடம் 14,500 வீதம் 3.5 லட்சம். ஆக 6.2 லட்சம் கட்டியாகிவிட்டது. வாங்கியது 8 லட்சம், பாக்கி 4.3 லட்சம். அசலில் 3.7 லட்சம்தான் குறைந்திருக்கிறது, மீதி 2.5 லட்சம் வட்டிக்குப் போய்விட்டது. டாப்-அப் எடுக்காமல் இருந்திருந்தால், கல்யாணக் கடன் இன்னும் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும்.

இனி அந்த 4,400 ரூபாய்க்கு வருகிறேன். இப்போது இருக்கும் கடனை அப்படியே விட்டால் 36 மாதத்தில் 14,500 வீதம் மொத்தம் 5.2 லட்சம் கட்டி முடித்துவிடுவீர்கள். டாப்-அப் எடுத்தால் 8.3 லட்சத்துக்குப் புதிதாக 5 வருடக் கடன். இ.எம்.ஐ. சுமார் 18,900. அறுபது மாதத்துக்கு 11.3 லட்சம். வித்தியாசம் 6.1 லட்சம். கையில் வருவது 4 லட்சம், அதற்காகக் கூடுதலாகக் கட்டுவது 6.1 லட்சம். பிராசஸிங் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனி. கைக்கு வருவதைவிட அதிகமாகக் கட்டும் இந்த 2.1 லட்சத்தில் 65,000 ரூபாய்க்கு மேல், புதிதாக வாங்கும் பணத்துக்கான வட்டிகூட இல்லை. 3 வருடத்தில் முடிய வேண்டிய பழைய 4.3 லட்சத்தை 5 வருடத்துக்கு இழுப்பதால் மட்டுமே வருவது. ஆப் இதை உங்களிடம் சொல்லாது. தவணை எவ்வளவு கூடும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும்.

தவிர, இன்றைக்கே சம்பளத்தில் 46 சதவீதம் தவணைக்குப் போகிறது. டாப்-அப் எடுத்தால் பாதியைத் தாண்டிவிடும். ஃபிக்ஸட் டெபாசிட்டும் காலி. இந்த நிலையில் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனாலும் சிரமம்தான்.

நீங்கள் போகும் ஊருக்கும் தவணைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. காரைத் தவணையில் விற்பதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் ஒரு நிதி நிறுவனம் தொடங்கியது. ஹென்றி ஃபோர்டுக்குக் கடனில் விற்பது பிடிக்கவில்லை. 1923-ல் அவர் வேறு ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் வீதம் கட்டிக்கொண்டே வரலாம், பணம் வங்கியில் வட்டியோடு சேரும், விலை சேர்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு போகலாம். வியாபாரத்தில் தோற்றது ஃபோர்டின் திட்டம்தான். ஜனங்களுக்குக் கார் உடனே வேண்டியிருந்தது. 1928-ல் ஃபோர்டும் கடன் கம்பெனி தொடங்கிவிட்டார். ஆனால் வாங்குகிறவருடைய வீட்டுக் கணக்கில் அந்த வாரம் 5 டாலர்தான் சரியான கணக்கு. மே மாதத்துக்கு உங்களுக்கு நான் சொல்லப்போவதும் அதுதான்.

உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கானது இல்லை. டிராக்கில் ஓட்டப்போவது நீங்கள், பையன்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். டவுன்டவுன் ஹோட்டலும் தேவையில்லை, நோவையிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இண்டியானாபொலிஸ் காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல். அதுவும் மே மாதக் கடைசியில் அங்கே 500 மைல் பந்தயம், அந்தச் சமயத்தில் ஹோட்டல் வாடகை எங்கேயோ போய் நிற்கும். இந்த மூன்றும் போனாலே 1,700 டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் குறைகிறது.

காருக்காகவே போகிற குடும்பம் அந்த ஊரில் எதற்குச் செலவு செய்யலாம்? டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். அதிபர் கென்னடி சுடப்பட்டபோது பயணம் செய்த லிங்கன் கார் அங்கே இருக்கிறது. வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் பேருந்துக்குள் ஏறி உட்காரவே விடுகிறார்கள். பக்கத்திலேயே கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி மியூசியம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், மே மாதம் திறந்திருக்கும். நூறு வருடப் பழைய மாடல் டி காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அதற்குச் சின்னதாகத் தனிக் கட்டணம் உண்டு. எட்டு வயதுப் பையனுக்கு ஒரு வாரம் மஸ்டாங்கில் பின்சீட்டில் மடங்கி உட்காருவதைவிட இந்தப் பத்து நிமிடம் மனதில் நிற்கும்.

மியூசியத்திலிருந்தே ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலைக்குப் பஸ் விடுகிறார்கள். மேலே நடைபாதையில் நின்று, கீழே எஃப்-150 பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாக உருவாகி நகர்வதைப் பார்க்கலாம். ஞாயிறு கிடையாது. சில நாள் லைன் ஓடாது, அதனால் வேலை நாளாகப் பார்த்து, உற்பத்தி நடக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். உங்கள் பையன்களோடு அந்த நடைபாதையில் நிற்க உங்களைவிடப் பொருத்தமான வழிகாட்டி யாரும் கிடையாது. எந்த ஸ்டேஷனில் என்ன நடக்கிறது, பிரேக் எங்கே ஏறுகிறது என்று நீங்கள் கை நீட்டிச் சொல்லலாம். அப்பா தினமும் என்ன வேலைக்குப் போகிறார் என்பதை அவர்கள் அங்கே முதன்முறையாகப் பார்ப்பார்கள்.

டெட்ராய்ட் நகருக்குள் பிக்கெட் அவென்யூவில் 1904-ல் கட்டிய ஃபோர்டின் பழைய செங்கல் தொழிற்சாலை இருக்கிறது. மூன்று மாடி, மரத்தரை. அதன் மூன்றாம் மாடியில் பூட்டிய ஓர் அறைக்குள்தான் மாடல் டி-யை வடிவமைத்தார்கள். 1908-ல் முதல் வண்டி வெளியே வந்ததும் இங்கிருந்துதான். நகரும் அசெம்ப்ளி லைன் வந்தது 1913-ல், கொஞ்சம் தள்ளி ஹைலண்டு பார்க்கில். அதற்கு முன் ஒரு சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. லைன் வந்தபின் ஒன்றரை மணி நேரம். இரண்டு இடமும் உட்வர்டு அவென்யூவை ஒட்டியவை. ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சாலையில் சும்மா வண்டியில் போய் வாருங்கள், செலவில்லை. அப்படியே டெட்ராய்ட் கலைக்கூடத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33-ல் வரைந்த சுவர் ஓவியங்களையும் பாருங்கள். வடக்கு, தெற்குப் பெரிய சுவர்கள் இரண்டிலும் ரூஜ் தொழிற்சாலைதான். நோவை இருக்கும் ஓக்லண்டு கவுன்டியில் குடியிருப்பதால் உங்கள் மைத்துனருக்கு அங்கே நுழைவு இலவசம், உங்கள் நான்கு பேருக்கு மட்டும் டிக்கெட். ஆகஸ்டில் உட்வர்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்காகத் தேதியை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். பள்ளி இருக்கும் மாதம் அது.

கணக்கு, தோராயமாக: டியர்பார்னில் மூன்று இடத்துக்கும் நான்கு பேருக்கு 360 டாலர். பிக்கெட் 70, கலைக்கூடம் 60. மஸ்டாங் ஆசை இருக்கட்டும், ஒரே ஒரு நாள், 130. மாடல் டி சவாரி, வெளியே சாப்பாடு 150. பையன்கள் ஆளுக்கு 50 டாலர் கையில் வைத்துக்கொண்டு பிடித்ததை வாங்கட்டும், 100. மைத்துனர் வண்டிக்குப் பெட்ரோல் போட 100. மொத்தம் 970 டாலர், சுமார் 87,000 ரூபாய். கட்டணங்கள் மாறும், முன்பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபாருங்கள். மைத்துனரிடம் மியூசியத்தின் வருட உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் இன்னும் குறையும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று பயணக் காப்பீடு. அமெரிக்காவில் ஒரு குழந்தைக்குக் கை முறிந்தால் வரும் ஆஸ்பத்திரி பில்லை இன்றைய நிலையில் உங்களால் தாங்க முடியாது. 15,000 ஒதுக்குங்கள், இதில் பேரமே வேண்டாம். மைத்துனர் வீட்டுக்கு இங்கிருந்து 8,000 ரூபாய்க்குள் நல்லதாக வாங்கிப் போங்கள். எல்லாம் சேர்த்து 1.1 லட்சம். மார்ச் போனஸ் 80,000, மீதி 30,000-ஐ இந்த நான்கு மாதச் சம்பளத்தில் மாதம் 7,500 வீதம் எடுத்து வையுங்கள். முடிந்தது.

ஊர்ச் சொந்தங்களுக்கான 900 டாலரை முழுக்க அடித்துவிட்டேன். எண்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் பெர்ஃப்யூமும் ஹேண்ட்பேக்கும் வாங்கி வரும் வழக்கத்தைப் பல வீடுகளின் கணக்கில் பார்க்கிறேன். கேட்கிறவர்களுக்கு உங்கள் இ.எம்.ஐ. தெரியாது. சாக்லேட் போதும். உங்கள் மனைவியின் கவலை எனக்குப் புரிகிறது. அதற்கு வழி, தம்பியிடம் அவரே இப்போதே போனில் பேசிவிடுவது. "உன் வீட்டிலேயே தங்குகிறோம், ரெண்டு நாள் நீ லீவு போட்டு எங்களோடு வா" என்று அக்கா கேட்டால் எந்தத் தம்பியும் அதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார். சொல்லாமல் விட்டால் அவர் பாட்டுக்குப் புக் செய்துகொண்டே போவார்.

அங்கே போய்ச் செலவைக் கிரெடிட் கார்டில் தேய்த்து இங்கே வந்து தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை வரும். அதுவும் டாப்-அப்பின் தம்பிதான். பெரும்பாலான கார்டுகள் டாலர் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், ஜி.எஸ்.டி. வேறு. ரிவார்டு பாயின்ட் அதை ஈடுகட்டாது. ஃபாரெக்ஸ் கார்டில் 970 டாலரை ஏற்றிக்கொண்டு போங்கள். வாடகை வண்டிக்கு முன்பணம் பிடித்து வைக்க மட்டும் கிரெடிட் கார்டு இருக்கட்டும்.

தீம் ஃபண்டு இப்போது வேண்டாம். உங்கள் சம்பளமே கார் தொழிலிலிருந்து வருகிறது, பிள்ளைகளின் சேமிப்பும் அதிலேயே ஏன்? நீங்கள் போகும் ஊரைப் பாருங்கள். 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020-ல் 6.4 லட்சம். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 2009-ல் திவால் மனு கொடுத்தன, நகராட்சியே 2013-ல் கொடுத்தது. நம் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றதை நீங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரிக் வண்டி வளரும், அதில் சந்தேகமில்லை. எந்தக் கம்பெனி மிஞ்சும் என்பதுதான் கேள்வி. 13 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பணம் கட்ட வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஜூனிலிருந்து அதே 7,500-ஐ நிறுத்தாமல் ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள், அவசரப் பணம் சேரட்டும். அடுத்த இரண்டு வருட போனஸையும் பர்சனல் லோனில் முன்கூட்டிக் கட்டுங்கள். அபராதக் கட்டணம் எவ்வளவு என்று கடன் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டினால், மூன்று வருடக் கடன் கிட்டத்தட்ட இரண்டே வருடத்தில் முடியும். அப்புறம் மாதம் 14,500 உங்கள் கையில் நிற்கும், அப்போது ஃபண்டைப் பற்றிப் பேசுவோம். அதற்குள் வங்கி ஆப்பில் முன் அனுமதிக் கடன் அறிவிப்புகளை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.