தற்காலிகப் பதவி உயர்வு என்றால் அனுபவம் கேட்க மாட்டார்களா? – ஆசிரியர் பணிச் சட்டம், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. இடைநிலை ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் பி.எட்.டும் முடித்தேன். எங்கள் பள்ளியில் மேல் பதவி ஒன்று திடீரென்று காலியானது. என்னைவிட ஜூனியரான ஒருவருக்குத் தற்காலிகமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். கேட்டால், "உங்களுக்கு பி.எட். முடித்த பிறகுதான் அனுபவம் கணக்கு, அது போதவில்லை" என்கிறார்கள். தற்காலிகம்தானே, அதற்கும் முழு அனுபவமும் வேண்டுமா?
– ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. முதலில் தற்காலிகம் என்பதைப் பார்ப்போம்.

தமிழ்நாடு அரசுப் பணியில் தற்காலிகப் பதவி உயர்வு என்று ஒன்று இருப்பதே பழைய பொது விதி 39-ஆல்தான். 2016-ல் அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டம் வந்தபோது அதே ஏற்பாடு அந்தச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. விதி சொல்வது இதுதான்: பொது நலன் கருதி ஓர் இடத்தை உடனே நிரப்பியாக வேண்டிய அவசரம் இருக்கிறது, முறைப்படி தேர்ந்தோர் பட்டியல் போட்டு நிரப்பினால் ரொம்பத் தாமதமாகும் என்றால், அந்தப் பதவிக்கு உரிய தகுதி உள்ள ஒருவரைத் தற்காலிகமாக உயர்த்தலாம். 'தகுதி உள்ள ஒருவரை' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். தளர்த்தப்படுவது பட்டியல் போடும் நடைமுறை மட்டும்தான், தகுதியை அது தொடவில்லை. அந்தப் பதவிக்கான சிறப்பு விதி இத்தனை ஆண்டு கற்பித்தல் அனுபவம் கேட்கிறது என்றால், அதுவும் தகுதியில் சேர்ந்ததுதான். ஆள் கிடைக்காமல் தகுதியில்லாத ஒருவரைப் போட நேர்ந்தாலும், தகுதி உள்ளவர் கிடைத்ததும் கூடிய சீக்கிரம் அவரை மாற்றிவிட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதனால் "தற்காலிகம்தானே" என்ற வாதம் உங்களுக்குக் கைகொடுக்காது. ஆனால் அதே வாதம் அந்த ஜூனியருக்கும் கைகொடுக்காது. அவருக்கு உரிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி அனுபவத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வி. நாடு முழுக்க எத்தனையோ ஆசிரியர்களை அலையவைக்கும் கேள்வி இது. இதில் முக்கியமான தீர்ப்பு நம் புதுச்சேரியில் கிளம்பிய வழக்கில்தான் வந்தது, அதுவும் பொறியாளர்கள் வழக்கில். டிப்ளமாவோடு பொதுப்பணித் துறையில் சேர்ந்து பின்னர் பட்டம் வாங்கியவர்கள், பட்டத்துடன் 3 ஆண்டு பணி என்ற விதிக்குத் தங்கள் பழைய பணியையும் சேர்த்து எண்ணச் சொன்னார்கள். சுரேஷ்நாதன் வழக்கு என்று பேர். பட்டம் வாங்கிய நாளிலிருந்துதான் அந்த 3 ஆண்டு என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் துறையில் காலங்காலமாக அப்படித்தான் கணக்கிட்டு வந்தார்கள், அந்த வழக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன முக்கியக் காரணம். இந்தத் தீர்ப்பைத்தான் எல்லா அலுவலகத்திலும் பாராயணம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பின்னர் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றிலும் (எம்.பி. ஜோஷி), டில்லி மாநகராட்சி வழக்கு ஒன்றிலும் (அனில் குமார் குப்தா) அதே உச்ச நீதிமன்றம் பட்டத்துக்கு முந்தைய பணியையும் எண்ணலாம் என்றது, ஏனென்றால் அங்கே விதியின் வாசகம் வேறு. அப்புறம் 2007-ல் சைலேந்திர தானியா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சுரேஷ்நாதன் பக்கமே நின்றது. இத்தனையையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிகிற ஒரே விஷயம், பொதுவான பதில் என்று ஒன்று கிடையாது. உங்கள் விதியில் 'பி.எட். முடித்த பின்' என்று இருக்கிறதா, 'இந்தப் பதவியில்' என்று இருக்கிறதா, வெறுமனே 'கற்பித்தல் அனுபவம்' என்று இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மூன்றாவது மாதிரி இருந்து, உங்கள் துறையில் இதற்கு முன்பு பழைய அனுபவத்தையும் சேர்த்துப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்கள் வழக்கு நல்ல வழக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு சிறப்பு விதியின் நகலையும், கடைசியாக உயர்வு பெற்றவர்களுக்கு அனுபவம் கணக்கிட்ட விவரத்தையும் வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் மேல்முறையீடு எழுதுங்கள். நாலு வரியில் "எனக்கு அநீதி நடந்துவிட்டது" என்று மட்டும் எழுதிப் போடும் மனுக்களுக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. அனுபவம் நிறைவடைய வேண்டிய நாள் எது என்றும் பாருங்கள். பட்டியலுக்கு நிர்ணயித்த நாளில், பெரும்பாலும் ஜனவரி 1-ல், உங்களிடம் தகுதி இருக்க வேண்டும். மார்ச்சில் நிறைவடைகிறது, ஆணை ஜூனில்தானே வருகிறது என்ற கணக்கு செல்லாது.

கேள்வி: தற்காலிகப் பதவி உயர்வில் சில வருடங்களாகத் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். இந்தக் காலம் அடுத்த பதவி உயர்வுக்கு அனுபவமாக எண்ணப்படுமா? சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து?
– தலைமை ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சார், உங்கள் பதவி உயர்வு ஆணையின் கடைசிப் பத்தியை எடுத்துப் படியுங்கள். 'முற்றிலும் தற்காலிகமானது, இதன் மூலம் முன்னுரிமை கோர இயலாது' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பலர் அதை அச்சடித்த சம்பிரதாயம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இல்லை, அது விதியிலேயே இருப்பது. தற்காலிகமாக உயர்த்தப்பட்டவர் மேல் பதவியில் தகுதிகாண் பருவத்தினர் (புரொபேஷனர்) ஆகமாட்டார், அந்த ஒரே காரணத்தால் எதிர்காலப் பதவி உயர்வுக்கு முன்னுரிமையும் கிடையாது.

சீனியாரிட்டியைப் பொறுத்தவரை 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு மகாராஷ்டிரப் பொறியாளர்கள் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் நியமனம் விதிப்படி இல்லாமல் இடைக்கால ஏற்பாடாக மட்டும் இருந்தால் அந்தக் காலம் சீனியாரிட்டிக்கு எண்ணப்படாது. நடைமுறையில் ஒரு சின்னக் குறை மட்டும் இருந்து, அதே பதவியில் தொடர்ந்து இருந்து, பிறகு விதிப்படி பணிவரன்முறையும் (பணியை முறைப்படுத்துவதும்) ஆனவர்களுக்கு அந்தக் காலம் எண்ணப்படலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்களுக்குப் பிடிமானம் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. பணிவரன்முறை ஆணை போடும்போது முன்தேதியிட்டு தகுதிகாண் பருவத்தைத் தொடங்க நியமன அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் தற்காலிக ஆணை பெற்ற அன்றே உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது என்று காட்டினால்தான்.

அனுபவக் கணக்கு இதிலிருந்து வேறு. அடுத்த பதவிக்கான விதி, தலைமை ஆசிரியர் பதவியில் இத்தனை ஆண்டு 'முறையான பணி' என்று கேட்டால் தற்காலிகக் காலம் சேராது. 'கற்பித்தல் அனுபவம்' என்று மட்டும் கேட்டால், வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திய காலத்தை எந்த ஆணையாலும் இல்லை என்று ஆக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. பணிப்பதிவேட்டில் அந்தக் காலம் முழுக்கப் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஓய்வு பெறும் நேரத்தில் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தால் யாரும் வந்து நிரப்பித் தரமாட்டார்கள்.

கேள்வி: நான் பொறுப்புத் தலைமை ஆசிரியர். வேலை முழுக்கத் தலைமை ஆசிரியர் வேலை, சம்பளம் மட்டும் பழைய சம்பளம். இது நியாயமா?
– பட்டதாரி ஆசிரியர், கரூர்

பதில்: நியாயமே இல்லை. ஆனால் சட்டம் ஆணையின் வாசகத்தைப் பார்க்கும். 'பொறுப்பு' மட்டும் என்றால் அது பதவி உயர்வே ஆகாது என்று கோவா பகுதியிலிருந்து போன அத்வல்பால்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொறுப்புப் படி (அலவன்ஸ்) இருந்தால் அதைக் கேட்கலாம். பதவி உயர்வு என்றே ஆணை போட்டுவிட்டு, 'சொந்த ஊதியத்திலேயே' என்று ஒட்டு வைத்தால் அது நிற்காது. அரியானாவில் ஒரு பெண் கல்வி அலுவலரைத் தற்காலிக மாவட்டக் கல்வி அலுவலராக உயர்த்திவிட்டுப் பழைய சம்பளமே கொடுத்தார்கள். பி. குரோவர் வழக்கு, 1983. மேல் பதவியின் சம்பளத்தைக் கொடு என்றது நீதிமன்றம்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 1998-ல் அந்தமானிலிருந்து வந்த செல்வராஜ் வழக்கு. அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். சாரணர் பிரிவுச் செயலர் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். அது முறையான பதவி உயர்வு இல்லைதான், இருந்தாலும் அந்த வேலையைப் பார்த்த காலத்துக்கு அந்தப் பதவியின் சம்பளம் உண்டு என்று தீர்ப்பானது. அதனால் பொறுப்பு ஆணை, நீங்கள் கையெழுத்திட்ட சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேட்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: இருபது வருட அனுபவம் இருக்கிறது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதவில்லை. தற்காலிகப் பதவி உயர்வாவது கிடைக்குமா?
– இடைநிலை ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மனசுக்குக் கஷ்டமான பதில்தான் டீச்சர். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே, 2011-க்கு முன் சேர்ந்தவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெற டெட் வேண்டும் என்றது. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், அதற்குக் குறைவாக இருப்பவர்கள் அப்படியே ஓய்வு பெறலாம், ஆனால் பதவி உயர்வு கேட்டால் டெட் கட்டாயம். தற்காலிகப் பதவி உயர்வும் தகுதி உள்ளவருக்குத்தான் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, இங்கேயும் அதேதான். இருபது வருடம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை ஒரு தேர்வு ஈடுசெய்யுமா என்று கேட்டால், செய்யாது என்பேன். ஆனாலும் சட்டம் இன்று இப்படி நிற்கிறது, படிக்கத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழி ஆசிரியர். நான்தான் மூத்தவர். தலைமை ஆசிரியர் பதவிக்கு வெளியாள் வரலாமா?

பதில்: கேரளத்தில் கேரளக் கல்வி விதிகள் பொருந்தும். 14-ஏ அத்தியாயத்தின் 44-ஏ விதிப்படி, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக 12 ஆண்டு தொடர்ச்சியான பட்டதாரிப் பணி வேண்டும், கூடவே கல்விச் சட்ட விதிகள் தேர்விலும் கணக்குத் தேர்விலும் தேர்ச்சி. 'தொடர்ச்சியான' என்ற சொல்லில்தான் பலர் மாட்டுகிறார்கள், நடுவில் பணி முறிவு இருந்தால் கவனம். பொதுவாக மூத்தவருக்கே முதல் உரிமை. பள்ளி சிறுபான்மையினர் நடத்துவது என்றால், தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகத்தின் உரிமை, வெளியிலிருந்தும் கொண்டுவரலாம் என்று 1998-ல் என். அம்மது வழக்கில், அதுவும் கேரளப் பள்ளி வழக்குதான், தீர்ப்பாகிவிட்டது. வருகிறவருக்கும் உரிய தகுதி இருக்க வேண்டும், அதை நீங்கள் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: தற்காலிகப் பதவி உயர்வை நோட்டீஸ் இல்லாமல் ரத்து செய்துவிட்டார்கள். வழக்குப் போட முடியுமா?
– பெயர் வேண்டாம், நெல்லை

பதில்: காரணம் சொல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் முடித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதனால் "நோட்டீஸ் தரவில்லை" என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். இரண்டு இடத்தில் வழி இருக்கிறது. உங்களை இறக்கிவிட்டு இன்னொரு ஜூனியரையோ தகுதி குறைந்தவரையோ அதே மாதிரி தற்காலிகமாக உட்காரவைத்திருந்தால், அது பாரபட்சம். அல்லது ஏதோ குற்றச்சாட்டை மனதில் வைத்துத் தண்டனையாக இறக்கியிருந்தால், 1957-ல் தீர்ப்பான தீங்ரா வழக்கின் வழியில், அரசியல் சாசனம் 311-ஆவது பிரிவின் பாதுகாப்பு அரசு ஊழியரான உங்களுக்கு உண்டு, விசாரணை இல்லாமல் செய்ய முடியாது. ரத்து ஆணை, உங்களுக்குப் பதில் வந்தவரின் ஆணை இரண்டின் நகலோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். தாமதிக்காதீர்கள். உங்கள் இடத்தில் இன்னொருவர் வருடக்கணக்கில் இருந்துவிட்டால், அவரைக் கலைக்க நீதிமன்றமும் யோசிக்கும்.